முதலுக்கு உத்தரவாதம் இல்லை

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவில் யாருக்காவது வங்கியிலிருந்து கடிதம் வந்தால், அது உடைபடுவது பெரும்பாலும் எங்கள் வீட்டு முன் அறையில்தான். நான் உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி படிப்பிக்கிறவள். நிலுவை என்றால் இன்னும் கட்ட வேண்டியது, மீதி என்றால் கணக்கில் கிடப்பது, பிணையாளி என்றால் கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் அந்தக் கடனைக் கட்ட வேண்டியவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். பிணைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வந்து அர்த்தம் கேட்டவர்களும் உண்டு. அவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தப் பாவத்துக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை. ஒழுங்கையில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்கிற பெருமை அது.

எதிர்வீட்டில் இருந்தவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சொந்தமில்லை என்றாலும் அக்கா முறை வைத்து நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் மௌத்தான பிறகு அபாயா தைத்துக் கடைகளுக்குக் கொடுத்து, தன்னையும் ஒரே மகளையும் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்துவைக்க வேண்டும். அதற்காக, வாப்பா வழியில் வந்த நிந்தவூர் வயல் இரண்டு ஏக்கரையும் நாற்பது இலட்சத்துக்கு விற்று, காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தார். மார்க்கத்தில் தடுத்தது என்பதால் அதன் வட்டியை அவர் தொடமாட்டார். வருட முடிவில் அதைத் தனியாக எடுத்து, கஷ்டப்பட்டவர்கள் யாருக்காவது சத்தமில்லாமல் கொடுத்துவிடுவார்.

வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு வங்குரோத்தாகிவிட்டது என்று செய்தியில் சொன்ன வருடம் அவர் அந்த வைப்புப் பத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையல் காஸ் வரிசையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்திருந்தார். மேசையில் பத்திரத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், காசு போட்டபடி அப்படியே இரிக்கி. ஆனா மேசன் சொல்றான், இந்தக் காசுக்கு இப்ப பாதி வீடுதானாம் கட்டலாம். மத்தப் பாதி எங்க போன?"

நான் பணவீக்கத்தை விளங்கப்படுத்தினேன். சீமெந்து மூடையின் விலையையும் கம்பியின் விலையையும் எழுதிக் காட்டி, பணத்தின் தொகை மாறாமல் இருக்கும்போதே அதன் பெறுமதி எப்படிக் கரைகிறது என்று சொன்னேன். வட்டியை எடுத்தால் கொஞ்சமாவது ஈடாகும், அதையும் எடுக்காவிட்டால் வருடத்துக்கு வருடம் வீட்டில் ஒவ்வோர் அறையாகக் குறையும் என்று சொன்னேன். உதாரணம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது. ராத்தா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் பயந்துபோனார் என்பதை நான் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் கல்முனை பிரதான வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு முதலீட்டு நிறுவனம் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவரில் பெரிய படங்கள். ஒரு படத்தில் அரிசி ஆலை. இன்னொன்றில் அறுகம்பேயில் கட்டப்போகும் ஹோட்டல், கடல் பக்கம் பார்த்த வரிசை வரிசையான ஜன்னல்களோடு. வட்டியே கிடையாது, இலாபப் பங்குதான் என்றார்கள். இலட்சத்துக்கு மாதம் மூவாயிரம். முதலாளிமார் கொழும்பில் இருந்தார்கள். கிளைக்குப் பொறுப்பாக இருந்தவன் என்னிடம் படித்தவன்.

அவன் கெட்டிக்காரன். எனது குறிப்புகளை ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி எழுதுவான். ஒரு நாள் பாடசாலை விட்ட நேரம் வாசலில் காத்துக்கொண்டு நின்றான். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. பெண்கள் நிறையப் பேர் வந்து விசாரிக்கிறார்கள், ஒப்பந்தப் பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதால் தயங்குகிறார்கள், நீங்கள் வந்து ஒருதரம் தமிழில் விளங்கப்படுத்தினால் போதும் என்றான்.

வைப்பு எடுப்பதென்றால் மத்திய வங்கியின் அனுமதி வேண்டுமே, அது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இது வைப்பு இல்ல ரீச்சர், முதலீடு. நீங்கதானே வித்தியாசம் படிப்பிச்ச" என்றான்.

வித்தியாசம் எனக்குத் தெரியும். வைப்பு என்றால் அந்தக் காசை வங்கி நமக்குக் கொடுக்க வேண்டிய கடன். முதலீடு என்றால், தொழில் நட்டப்பட்டால் யாரும் நமக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆபத்து முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருந்தது. ஆனால் என் மாணவன் அதைச் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதில் நான் மகிழ்ந்துபோனேன். வருகிறேன் என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். முப்பது பெண்களுக்கு மேல் வந்திருந்தார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள், சில்லறைக் கடை வைத்திருப்பவர்கள், மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்கள். முன் வரிசையில் ராத்தா மகளோடு இருந்தார். நான் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிவு பிரிவாகத் தமிழில் சொன்னேன். மூலதனம் தருபவர் யார், அதை வைத்துத் தொழில் நடத்துபவர் யார், இலாபம் எப்படிப் பிரிக்கப்படும், பணத்தைத் திருப்பி எடுக்க எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஏழாம் பிரிவு வந்தது. முதலுக்கு உத்தரவாதம் இல்லை, தொழிலில் நட்டம் ஏற்பட்டால் அது மூலதனம் தந்தவரையே சேரும். அதையும் சொன்னேன். விடவில்லை.

ராத்தா கையை உயர்த்தினார்.

"அப்ப நட்டம் வந்தா எங்கட காசு போயிருமா, ரீச்சர்?"

கதவுக்குப் பக்கத்தில் நின்ற மாணவன் என்னைப் பார்த்தான். ஓம், போயிரும் என்று சொன்னால் போதும். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒப்பந்தமெண்டா அப்படித்தான் எழுதுவாங்க, ராத்தா" என்றேன்.

அது பொய்யில்லை. அப்படித்தான் எழுதுவார்கள். பெண்கள் ஆறுதலாக அசைந்து உட்கார்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. மேசையில் பேனாவும், கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப் பெட்டியும் வைத்திருந்தார்கள். நான் படியிறங்கும்போது மாணவன் ஒரு கடித உறை தந்தான். உள்ளே ஐயாயிரம் ரூபாய். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

ராத்தா நாற்பது இலட்சத்தையும் போட்டார். முதல் மாதம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் வந்தது. அன்று ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். இரண்டாம் மாதமும் வந்தது, மூன்றாம் மாதமும் வந்தது. மாதா மாதம் வருகிற காசில் வீட்டு வேலையைத் தொடங்கினார். அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது. மகளுக்கு மாப்பிள்ளையும் சரிவந்தது. ஒழுங்கையில் இன்னும் நான்கைந்து வீடுகளிலிருந்து காசு போனது. என்னைக் கண்ட இடத்தில், ரீச்சர் சொன்னபடியால்தான் போட்டோம் என்று நன்றியாகச் சொல்வார்கள். நான் போடச் சொல்லவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். வாய் திறந்து சொன்னதில்லை.

நான் ஒரு ரூபாயும் போடவில்லை. ஏன் என்று என் கணவரும் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் காசு வரவில்லை. பதிலாகத் தொலைபேசியில் அழைத்து, இந்த முறை இலாபத்தை மீள்முதலீடு செய்தால் கூடுதல் பங்கு தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்தா வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். வருகிற இலாபத்தை எடுக்காமல் முதலோடு சேர்த்துவிடுவது என்றேன்.

"அப்ப, காசு தரமாட்டம் எண்டுதான் சொல்றாங்க" என்றார்.

அப்படியில்லை, அது ஒரு வழமையான நடைமுறை என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். என்னை நம்பினார் என்பதைவிட, என்னை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

என் கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்கிறவர். அந்த மாதம் பொத்துவில் பக்கம் வேலையாகப் போனவர், அப்படியே அறுகம்பேக்குப் போய் அந்த ஹோட்டல் காணியைத் தேடிப் பார்த்திருக்கிறார். வந்து சாப்பிடும்போது சொன்னார். நான்கு தூண், முள்ளுக்கம்பி, மழையில் நிறம் வெளிறிய ஒரு பெயர்ப்பலகை. உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்ததாம். அலைச் சறுக்கு விளையாடுகிற வெள்ளைக்காரர்கள் அதன் குறுக்காகக் கடலுக்குப் போய்வருகிறார்களாம். பக்கத்து விருந்தினர் விடுதிக்காரர், அந்தக் காணி நீதிமன்றத்தில் வழக்கில் கிடக்கிறது என்றிருக்கிறார். அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: அந்த மாதம் மட்டும் வேறு வேறு ஊர்களிலிருந்து மூன்று பேர் வந்து, கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"எதிர்வீட்டு ராத்தாக்குச் சொல்லிரு" என்றார் கணவர்.

முதலில் மாணவனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று சொல்லியிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் காலம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பதினொரு நாளைக் கடத்தினேன். காலையில் பாடசாலைக்குப் போகும்போது ராத்தா வாசலில் நின்று மேசனோடு கதைத்துக்கொண்டிருப்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அந்த மேல்மாடிக்குப் போனேன். குளிரூட்டி வேலை செய்யவில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். வீதிச் சத்தமும் புழுதியும் உள்ளே வந்தன. முன்பு பற்றுச்சீட்டு அச்சடித்துத் தந்த இயந்திரத்துக்குப் பதிலாக, புத்தகக் கடையில் வாங்குகிற சாதாரணப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. மாணவன் மெலிந்திருந்தான். கழுத்துப்பட்டி இல்லை.

"ஒண்டும் இல்ல ரீச்சர். திரவத்தன்மைப் பிரச்சினை மட்டும்தான். ரெண்டு மாசத்துல சரியாகிரும்."

சொத்து இருந்தும் கையில் காசு இல்லாத நிலைக்குத் திரவத்தன்மைப் பிரச்சினை என்று பெயர். சொத்தே இல்லாத நிலைக்கு வேறு பெயர். அந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இதைக் குழப்பினால் புள்ளி போய்விடும் என்று இவனுடைய வகுப்புக்குச் சொன்னவள் நான்.

"இப்ப கையில காசு இல்ல எண்டுறியா, காசே இல்ல எண்டுறியா?"

அவன் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"எங்கட உம்மாட காசும் இதுக்குள்ளதான் இரிக்கி, ரீச்சர்."

அதுவரை அவன் என்னை ஏமாற்றிவிட்டானோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயின் காசையே போட்டிருக்கிறான் என்றதும் பயம் வேறு விதமாக வந்தது. இங்கே இருக்கிற யாருக்கும் எதுவும் தெரியாது, கொழும்பில் இருக்கிற யாரோ சிலருக்கு மட்டும்தான் தெரியும் என்பது விளங்கியது.

அங்கிருந்து நேரே ராத்தாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், காணியைப் பற்றியும். எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளே முதலைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தோம். தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் என்று ஒப்பந்தத்தில் இருந்தபடி, தொண்ணூறாம் நாளுக்குத் திகதியிட்ட ஒரு காசோலை தந்தார்கள். ராத்தா அதை மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அலுமாரியில் வைத்தார்.

அந்தத் தொண்ணூறு நாளும் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாதிரியான அமைதி. மேசன் வேலையை நிறுத்திவிட்டுப் போனான். கூரையில்லாத சுவர்களுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. காசு போட்ட மற்றப் பெண்கள் முன்போல வாசலில் கூடுவதில்லை. ஒருவர் மற்றவரிடம் கேட்டால் செய்தி உண்மையாகிவிடும் என்று பயந்தது போல, ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்த மேல்மாடிக்குப் போய்வந்தார்கள். மருதமுனைப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இரகசியமாக முழுக் காசையும் கொடுத்துவிட்டார்களாம் என்று ஒரு கதை வந்தது. அந்தக் கதையை எல்லாரும் நம்பினார்கள். யார் அந்தக் குடும்பம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாள் வந்தது. ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்க் காசோலையைப் போட்டார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் காசோலையையும், அதோடு இணைத்த ஒரு சின்னத் துண்டையும் தள்ளிவிட்டார். ராத்தா அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிரிக்கி?"

வரைந்தவரைக் கேட்கவும் என்று எழுதியிருந்தது, கணக்கில் காசில்லாமல் காசோலை திரும்பினால் வங்கி எழுதுகிற வசனம். "இதத் தந்த ஆக்கள்ட்டயே போய்க் கேளுங்க எண்டு சொல்றாங்க, ராத்தா" என்றேன்.

அவர் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, கடைகளைத் தாண்டி நேரே அந்த மாடிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். துணிக்கடை திறந்திருந்தது. மாடிப்படி முழுவதும் பெண்கள் இருந்தார்கள். மேலே இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே மேசைகள் இல்லை, சுவரில் படங்கள் இல்லை, தரையில் கணினி வயர்கள் மட்டும் கிடந்தன. நான் படியேறியதும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வழிவிட்டார்கள். ஏதாவது விளக்கம் சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

பொலிஸில் முறைப்பாடு எடுத்தார்கள். மாணவனையும் கூப்பிட்டார்கள். அவன் வீட்டிலேயேதான் இருந்தான். ஓடவில்லை. கொழும்பு இலக்கங்கள் எதுவும் வேலை செய்யவில்லை. பெண்கள் எல்லாருடைய வாக்குமூலத்திலும் ஒரே வசனம் இருந்ததால் என்னையும் வரச் சொன்னார்கள்: ரீச்சர் வந்து விளங்கப்படுத்தினா. மேசையில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். ஏழாம் பிரிவைக் காட்டி, இதை அன்று சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எழுதிக்கொண்டார். அது எனக்குச் சாதகமாம். பிறகு பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீங்க எவ்வளவு போட்டீங்க, ரீச்சர்?"

"ஒண்டும் போடல்ல."

பின்னால் வாங்கில் ராத்தா இருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அவர் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரலால் முந்தானையை இழுத்துச் சரிசெய்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது ஒரே ஓட்டோவில்தான் வந்தோம். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் காத்திருப்போம் என்றார்கள். பிறகு தொலைபேசி எடுப்பதைக் குறைத்தார்கள். பிறகு எடுக்கவேயில்லை.

நான் வலயக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர்களுக்கு அவசரத்துக்குக் கொடுக்கிற இடர்க் கடனுக்கு விண்ணப்பித்தேன். அதற்கு வட்டி உண்டு. குறைவுதான், ஆனாலும் வட்டி. என் கணவர் படிவத்தில் இருந்த அந்த வரியை வாசித்தார். பிணையாளி என்ற இடத்தில் போடத் தனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரைப் பிடித்துத் தந்தார். அந்தக் காசோடு என் இரண்டு தங்கக் காப்பையும் விற்றதில் ஐந்து இலட்சம் சேர்ந்தது. நாற்பதுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. கூரைக்கு மரமாவது வாங்கலாம்.

ஒரு சனிக்கிழமை பகல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா தையல் இயந்திரத்தில் இருந்தார். மன்னிப்புக் கேட்கச் சில வசனங்களை யோசித்துவைத்திருந்தேன். உறையை மட்டும் இயந்திரத்தின் பலகையில் வைத்தேன். அவர் திறந்து, எண்ணி, மீண்டும் உறைக்குள் போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று உள்ளே எங்கோ எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இத ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்றார். "மத்தாக்களும் வருவாங்க. அவங்களும் நீங்க சொன்ன எண்டுதான் போட்ட."

சொல்லமாட்டேன் என்றேன். நான் யாருக்கும் சொல்லவில்லை. ராத்தாவும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அடுத்த கிழமை அவர் வீட்டு வாசலில் கூரை மரம் இறங்கியது. அதை ஒழுங்கை முழுவதும் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து, நான் பாடசாலையால் வந்து இன்னும் உடுப்பு மாற்றவில்லை, கேற்றைத் தட்டினார்கள். ஜன்னலால் பார்த்தேன். ஒழுங்கையின் அடுத்த முனையில் இருக்கிற இரண்டு பெண்கள். ஒருவர் கையில் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது, பொலித்தீன் உறையில் போட்டுப் பத்திரமாக. அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கணவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கதவைத் திறக்கச் சொன்னேன்.